அறுபத்தொரு டிகிரி குளிர்ப்பெட்டி

"முப்பத்தேழு புள்ளி ஆறு," என்றாள் அன்புச்செல்வி. கைப்பேசித் திரையிலிருந்து அவள் கண் அகலவில்லை.

"ஆருக்குங்க அம்மிணி காய்ச்சல்?" ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெள்ளியங்கிரி கேட்டார்.

"பெட்டிக்கு."

கார் நாமக்கல்லைத் தாண்டி ராசிபுரம் சாலையில் ஓடியது. காலை ஒன்பதே கால். அதற்குள் ஜூன் மாத வெயில் கண்ணாடியைச் சுட வைத்திருந்தது. காரில் ஏ.சி. நின்று இரண்டு வாரமாகிறது. அன்புச்செல்வி ஜன்னலை இறக்கினாள், தூசி வந்ததும் ஏற்றினாள், மறுபடியும் இறக்கினாள்.

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்து லாரியை விட்டபின், சேலத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் அன்புச்செல்வியிடம் ஓட்டுநராகச் சேர்ந்தார். மூன்றே மாதத்தில் தன்னைத்தானே உதவியாளராகப் பதவி உயர்த்திக்கொண்டார். அவளும் மறுக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருவரும் நாமக்கல்லில் ஒரு மருந்துக் கிடங்கில் நின்றிருந்தார்கள். உரிமையாளர் நவநீதகிருஷ்ணன். இன்சுலினைக் குளிர்ப்பெட்டிகளில் வைத்து நாமக்கல், சேலம் மாவட்டக் கடைகளுக்கு அனுப்புகிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, உட்காராமல் நடந்துகொண்டே பேசுகிற மனிதர்.

"நாப்பது பெட்டிங்க. இன்னிக்குக் காலைல பாத்தா முப்பத்தொம்போது. பதினேழாம் நம்பரைக் காணோம். பெட்டிகளைப் பாத்துக்கற சௌந்தர்யாங்கற புள்ளையவும் காணோம். மத்ததெல்லாம் விடியறதுக்குள்ள கடைகளுக்குக் கெளம்பிப் போயிருச்சு."

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"அவிய வந்தா மொதல்ல பெட்டியைத் தொறப்பாங்க. தொறந்தா மருந்து கெட்டுப்போயிருமுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மருந்து ஆய்வாளர் வாராரு. அதுக்குள்ள பெட்டி இங்க இருக்கோணும். தொறக்காம."

பெட்டிக்குள் இடம் காட்டும் சிம் ஒன்று இருந்ததாம். அதைக் கழற்றிக் கிடங்கு வாசலிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஆனாலும் பெட்டியின் வெப்பநிலை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்துகொண்டே இருந்தது.

"சிம் இல்லாம எப்படி வருது?"

நவநீதகிருஷ்ணன் முகத்தில் கவலையை மீறிக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "அதுதாங்க புது சாஃப்ட்வேரு. பெட்டி எங்க போனாலும் அங்க இருக்கற மெசினுகளோட தானாப் பேசிச் சேந்துக்கும். 'எனக்கு நெட் வேணும், ஆரு தர்றீங்க?'ன்னு கேக்கும். ஏதாச்சும் ஒரு மெசினு 'நான் தாரேன்'னுங்கும். அங்கிருந்து நகந்துட்டா அடுத்த எடத்துல அடுத்த மெசினு. இந்தப் பக்கத்துல பண்ணை, பால் நெலையம், மில்லு எல்லாத்துலயும் இதையேதான் போட்டிருக்காங்க. ஆரும் ஒயர் இழுக்க வேண்டாம், ஆரையும் கேக்க வேண்டாம்."

"எங்கூர்ப் பந்தியில பக்கத்து எலைக்காரரு இப்படித்தானுங்க," என்றார் வெள்ளியங்கிரி. "ரசம் வாரதுக்குள்ள மாமன் மச்சான்னு ஒறம்பரை ஆயிருவாரு."

நவநீதகிருஷ்ணன் சிரிக்கவில்லை. தன்னுடைய கடவுச்சொல்லையே அன்புச்செல்வியின் கைப்பேசியில் தட்டிக் கொடுத்தார். அத்தனை அவசரம் அவருக்கு.

இப்போது அந்தத் திரையில்தான் முப்பத்தேழு புள்ளி ஆறு.

"நாலு தடவை வந்திருக்கு அண்ணா. நாலு தடவையும் அதே எண். வெயில்ல நின்னா ஏறணும், நெழல்ல நின்னா எறங்கணும். இது அசையவே இல்லை. யாரோ அந்தச் சூட்டைக் காவல் காக்கறாங்க."

"முப்பத்தேழரைக்கு எதுக்குங்க காவல்? குளிக்கறதுக்குக்கூடப் பத்தாது." சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். "அட, முட்டைங்க அம்மிணி! குஞ்சு பொரிக்கற மெசினு! நான் குஞ்சு லோடு ஏத்தியிருக்கேன். உள்ள போனா இதே எண்ணுதான் சொவத்துல எரியும்."

"பக்கத்துல எங்க இருக்கு?"

அவர் அந்தச் சாலையிலேயே இருந்த பொரிப்பகத்துக்குக் காரை விரட்டினார்.

பொரிப்பகத்தின் மேலாளர் மணியன் அவர்களை வாசலிலேயே நிறுத்தினார். கிருமி நாசினித் தொட்டியில் செருப்பை நனைக்காமல் உள்ளே விடமாட்டேன் என்றார். நனைத்தார்கள்.

"செவப்புப் பெட்டி வெச்ச புள்ளைதானுங்களே? வந்துச்சு. நீல ஸ்கூட்டில வந்து தண்ணி கேட்டுச்சு. அந்தச் செவுத்தோரம் இருவது நிமிசம் உக்காந்துட்டுச் சேலம் பக்கம் போயிருச்சு. பேரு சௌந்தர்யான்னு சொல்லுச்சு."

"பேரைச் சொன்னாளா?"

"நான் கேக்கலீங்க. அதுவாச் சொல்லுச்சு."

சுவரில் பொரிப்பு இயந்திரத்தின் திரை எரிந்துகொண்டிருந்தது. மேலே 37.6. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'விருந்தாளி: பெட்டி 17. கேட்டவை: நெட், வெப்பநிலை. இணைப்பு முடிந்தது.'

அன்புச்செல்வி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அப்படியானால் வந்தது பெட்டியின் சூடே இல்லை. இந்த இயந்திரத்தின் சூடு. நெட்டோடு சேர்த்து வெப்பநிலையையும் இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது பெட்டி. அவளுக்குள் ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடுவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. நவநீதகிருஷ்ணன்.

"கெடச்சுதுங்களா? தொறந்திருக்காளா?"

"இன்னும் இல்லீங்க. சேலம் பக்கமாப் போயிருக்கா."

"நான் ராசிபுரத்துலதான் ஒரு வேலையா இருக்கேன். எங்கேன்னு தெரிஞ்ச ஒடனே சொல்லுங்க." வைத்துவிட்டார்.

சேலம் புறவழிச்சாலை வரைக்கும் திரையில் எதுவும் வரவில்லை. அன்புச்செல்வி விரல் நகத்தைக் கடித்தாள். லாரிகள், கல்லூரிப் பேருந்துகள், மறுபடியும் லாரிகள். ஒவ்வொரு ஸ்கூட்டியையும் கடக்கும்போது எட்டிப் பார்த்தாள். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் திரை உயிர்பெற்றது.

"நாலு. இல்லை, அஞ்சரை. மறுபடியும் எறங்குது. அஞ்சு... நாலரை... நாலு. இப்போ திடீர்னு ஆறு!"

"பெட்டியைத் தொறந்து தொறந்து மூடறாளோ?"

"தொறந்தா வெளி வெயிலுக்கு இருபது டிகிரியாவது ஏறும். இது ஒண்ணு ரெண்டுதான் ஏறுது, அப்புறம் பொறுமையா எறங்குது. குளிர்ந்த எதுக்குள்ளயோ கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பா எதையோ ஊத்திக்கிட்டே இருக்காங்க."

"கறந்த பால்!" வெள்ளியங்கிரி ஸ்டீயரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "கேன் வந்து எறங்க எறங்கத் தொட்டியில ஊத்துவாங்க. நாமக்கல்லுல கெளம்புன ஸ்கூட்டி இந்நேரத்துக்கு வாழப்பாடியத்தான் புடிச்சிருக்கும். அங்க பால் குளிரூட்டு நெலையம் இருக்குதுங்க. அம்மிணி, இந்தப் பொண்ணு நம்மளக் கூட்டிக்கிட்டுச் சுத்துலாப் போறாப்பல இருக்குது. அடுத்தாப்பல ஏற்காடுன்னா எனக்குச் சொக்காய் பத்தாது."

வாழப்பாடிப் பால் நிலையத்தில் ரசீது எழுதும் தமிழ்ச்செல்வி அவர்கள் கேட்பதற்கு முன்பே சொன்னாள். "பத்து நிமிசம் ஆச்சுங்க அவங்க போயி. யாராச்சும் தேடி வந்தா ஆத்தூர்ப் பக்கம் போறேன்னு சொல்லச் சொன்னாங்க."

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார். "களவாண்ட பொருளோட போறவ வழியெல்லாம் விலாசம் குடுத்துட்டுப் போறாளே?"

"அவ ஒளியலை அண்ணா. யாரோ தன்னைப் பார்க்கணும்னு போறா." அன்புச்செல்வி திரையைப் பின்னோக்கித் தள்ளினாள். நேற்று. போன வாரம். போன மாதம். பதினேழாம் பெட்டிக்கு ஒவ்வொரு நாள் காலையும் ஒரே எண். 4.0. 4.0. 4.0. புள்ளி பிசகவில்லை. மற்றப் பெட்டிகளைத் திறந்தாள். அவையும் அப்படியே.

ஆத்தூர்ச் சாலையில் கார் பாதி தூரம் போனபோது எண் பாய்ந்தது.

அறுபத்தொன்று.

நவநீதகிருஷ்ணனும் அதைப் பார்த்திருக்க வேண்டும். உடனே அழைத்தார். "எங்கீங்க அது? அறுபத்தொண்ணா? எங்க இருக்கா?" அவர் குரல் உடைந்தது. அன்புச்செல்வி யோசிக்காமல் "ஆத்தூர்" என்றாள். சொன்ன மறு நொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருந்து வெந்துபோகிற சூடு அது. ஒரு மருந்து வியாபாரி முதலில் 'மருந்து போச்சே' என்றுதானே கத்தியிருக்க வேண்டும்? இவர் இப்போது மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆத்தூர் வந்தபோது பன்னிரண்டாகிவிட்டது. திரையில் இன்னும் 61.

"காய வைக்கற டிரையர் சூடுதான்," என்றாள் அன்புச்செல்வி. "இங்க ஜவ்வரிசி செய்யற சேகோ ஆலையும் இருக்கு, அரிசி ஆலையும் இருக்கு. எது?"

"சேகோவை உட்டுருங்க. இப்பக் கெழங்கு வரத்தே இல்லை. பாதி ஆலை பூட்டிக் கெடக்குது. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டிருந்தீங்கன்னா நானே மாட்டியிருப்பேன். நெல்லு அவிச்சுக் காயப்போடற மில்லாத்தான் இருக்கோணும். நெட்டு, கிட்டுன்னு புதுசா மெசின் போட்டவன் ரெண்டே பேருங்க."

முதல் ஆலையில் இல்லை. இரண்டாவது ஆலையின் வாசலில் நீல ஸ்கூட்டி நின்றது.

"அந்தாண்ட குந்தினு இருக்காங்க," என்று ஆலைக்காரர் ராசு கை காட்டினார். "டிரையர் பக்கம் அனலடிக்கும், வேணாம்னு சொன்னேன். கேக்கலை."

அவித்த நெல்லின் வாசனை மூக்கில் ஏறியது. உயர்ந்த உலர்த்தும் கோபுரம் இரைந்துகொண்டிருந்தது. அதன் அடியில் மூட்டை ஒன்றின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். முகமெல்லாம் வியர்வை. மடியில் சிவப்புப் பெட்டி. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சௌந்தர்யா?"

"எங்க கெடங்குச் சாரே வருவாருன்னு நெனச்சேன்," என்றாள் அவள். "நீங்க ஆருங்க?"

அன்புச்செல்வி சொன்னாள். பிறகு எதிரே குந்தி உட்கார்ந்து, சத்தத்தை மீறி மெதுவாகக் கேட்டாள். "நெட் இல்லாத பெட்டி நெட் கேட்குது, சரி. வெப்பநிலையை எதுக்குக் கேட்குது? அதுக்குள்ளயே ஒரு தெர்மாமீட்டர் இருக்கணுமே?"

சௌந்தர்யா மூடியைத் திறந்தாள்.

வெள்ளியங்கிரி உள்ளே கைவிட்டார். வெடுக்கென்று எடுத்தார். "ஏனுங்க, இது குளிர்ப்பெட்டியா, இட்லிச் சட்டியா?"

உள்ளே ஐஸ் இல்லை. மருந்துக் குப்பிகள் வெதுவெதுப்பாகக் கிடந்தன. மூலையில் தெர்மாமீட்டர் இருந்த இடத்தில் வெட்டி மடித்த ஒரு ஒயர்.

"நாப்பதும் இப்படித்தானுங்க," என்றாள் சௌந்தர்யா. "ரெண்டு மாசத்துக்கு முன்னால குளிரறை மெசின் நின்னு போச்சு. பெட்டியெல்லாம் முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டுன்னு காட்டுச்சு. சாரு எல்லாத்தோட தெர்மாமீட்டரையும் வெட்டச் சொன்னாரு. நான் மாட்டேன்னேன். அவரே வெட்டிட்டாரு. சொந்தத் தெர்மாமீட்டர் இல்லைன்னா பெட்டி பக்கத்துல ஆரு கிட்ட இருக்குதுன்னு கேக்குமில்லீங்களா? ஆபீஸ் ஃப்ரிட்ஜுக்குள்ள ஒண்ணை வெச்சிருக்காரு. அது நாலு டிகிரின்னு சொல்லும். நாப்பது பெட்டியும் அதையே வாங்கிப் பதிவு பண்ணிட்டுக் கெளம்பிரும். கடைக்குப் போனா கடை ஃப்ரிட்ஜோடத சொல்லிரும். நடுவுல ஆரு பாக்கறாங்க?"

"ஆய்வாளர்கிட்டச் சொல்லலையா?"

"சொன்னேனுங்க. நாலு மணிக்கு வாராரு. வந்தா ஸ்கிரீனுல நாலு டிகிரியப் பாத்துட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போயிருவாரு. அதுதான் இதைத் தூக்கிட்டுக் கெளம்புனேன். சிம்மைக் கழட்டிட்டா எந்த மெசினோட நெட்டுன்னும் அந்தந்த எடத்துல பதிவாகுமுங்க. முட்டைச் சூடு, பால் குளிரு, நெல்லுச் சூடு. ஒரே பெட்டி அரை நாளுல இத்தனையும் பதிவு பண்ணுச்சுன்னா அதுக்கு ஆரும் காரணம் சொல்ல முடியாது. மருந்து கம்பெனிக்கும் இதோட நகல் போகுது. அவரால அழிக்க முடியாதுங்க."

அன்புச்செல்வி ஏதோ கேட்க வாயெடுத்தாள். கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

4.0.

பெட்டி திறந்து கிடந்தது. டிரையர் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. அறுபத்தொன்றிலிருந்து நாலுக்கு ஒரே தாவல்.

"அண்ணா, அவர் வந்துட்டார்."

"ஆரு?"

"நம்ம கட்சிக்காரர்தான். அந்த ஃப்ரிட்ஜுத் தெர்மாமீட்டரைக் கையோட கொண்டாந்திருக்கார். பெட்டிக்குப் பழகின ஆள் அது. பக்கத்துல வந்ததும் டிரையரை உட்டுட்டு அது கூடச் சேர்ந்துக்கிச்சு."

வாசலில், நீல ஸ்கூட்டியைப் பார்த்துவிட்டு, வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. நவநீதகிருஷ்ணன் இறங்கி வேகமாக வந்தார். திருநீறு வியர்வையில் வழிந்திருந்தது. "நல்லதுங்க, புடிச்சுட்டீங்க. பெட்டியைக் குடுங்க, நான் பாத்துக்கறேன்." திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது.

அன்புச்செல்வி அவரைத் தாண்டி நேராகக் காருக்குப் போனாள். முன் இருக்கையில் ஒரு ஐஸ் குடுவை, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. மூடியைத் திருகினாள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு சின்னக் கருவி. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"நாப்பது பெட்டிக்கும் இந்த ஒரே ஆள்தான் சாட்சியா?" என்றாள்.

நவநீதகிருஷ்ணன் நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "மெசின் ஒரு வாரத்துல வந்துரும்னு சொன்னாங்க... அந்த ஒரு வாரந்தான் பாத்தேன். அப்பறம் இன்னொரு வாரம். ஆருக்கும் ஒண்ணும் ஆகலையே, ஆகலையேன்னு..."

"ஆச்சுங்க," என்றாள் சௌந்தர்யா.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணி பன்னிரண்டு நாற்பது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? வாழப்பாடியில், திருச்செங்கோட்டில், ஜலகண்டாபுரத்தில், எந்தெந்தத் தெருவில்? அன்புச்செல்வி காத்திருக்கவில்லை. கைப்பேசியைச் சௌந்தர்யாவிடம் நீட்டினாள். "அவரோட கடவுச்சொல்தான் இதுல இருக்கு. கடைகளுக்கு ஒரே நேரத்துல சொல்ல வழி இருக்கா?"

சௌந்தர்யா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் விரல்கள் ஓடின. "பெட்டி போன கடையில எல்லாம் பில் மெசின் இருக்குதுங்க. அதுவும் இந்த சாஃப்ட்வேருதான். 'ஆருகிட்ட பிரிண்டர் இருக்குது?'ன்னு பெட்டிக மூலமாக் கேக்கறேன்."

திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான்கு. பதினொன்று. இருபத்தாறு. முப்பத்தொன்பது. அவள் தட்டியது ஒரே ஒரு செய்தி: 'இந்த இன்சுலினைக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதமாக வாங்கியவர்களைக் கூப்பிட்டு வேறு மருந்து கொடுங்கள்.' அடியில் அன்புச்செல்வி, வெள்ளியங்கிரி இருவரின் கைப்பேசி எண்கள்.

இரண்டு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு முதல் அழைப்பு வந்தது. ஜலகண்டாபுரத்துக் கடைக்காரர். பில் இயந்திரம் தானாகவே காகிதத்தைத் துப்பியதில் பயந்துபோயிருந்தார். "இப்பத்தானுங்க ஒரு நெசவுக்காரம்மா வாங்கிட்டுப் போறாங்க! இருங்க, இருங்க, தெருமொனை தாண்டலை..." அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. செருப்பு தெருவில் அடிக்கும் ஓசை. "அம்மா! ஏனுங்கம்மா! நில்லுங்க!"

நின்றாள் போலிருக்கிறது. வெள்ளியங்கிரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் நெல் தூசி என்பார்.

அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. வெள்ளியங்கிரி ஒரு கைப்பேசி, அன்புச்செல்வி ஒரு கைப்பேசி. நவநீதகிருஷ்ணன் தானாகவே எழுந்து ஆய்வாளரை அழைத்தார். "நாலு மணி வரைக்கும் வேண்டாமுங்க. இப்பவே ஆத்தூருக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே மூட்டைமேல் உட்கார்ந்தார்.

சௌந்தர்யா தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். எண்ணை அழுத்தாமல் நின்றாள்.

"யாருக்கு?" என்றாள் அன்புச்செல்வி.

"எங்கம்மாவுக்குங்க. பாவாயின்னு பேரு. பத்து நாளா சேலத்துல ஆஸ்பத்திரியில இருக்குது. வேளை தவறாம ஊசி போடுவோம், ஆனாலும் சக்கரை எறங்கவே இல்லை. திருட்டுத்தனமா இனிப்புத் திங்கறயான்னு நாங்க எல்லாருமாச் சேந்து திட்டுனோம். இல்லைன்னு அழுதுச்சு. நான்தான் ரொம்பத் திட்டுனேன். மருந்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சாரு சொன்னதை நம்பி அந்த மருந்தை நானே கிடங்குல இருந்து வாங்கிட்டுப் போனேனுங்க. போன வாரம்தான் எனக்கு உறைச்சுது."

அழுத்தினாள். மறுமுனையில் உடனே எடுத்தார்கள். டிரையர் இரைச்சலில் சரியாகக் கேட்காததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா... உன்மேல தப்பில்லை. மருந்துதான் செத்த மருந்து. நீ எதையும் எடுத்துத் திங்கலை."

மறுமுனையில் அம்மாவின் குரல் எழுந்தது.

"அந்த மைசூர்பாகு டப்பாவை நான் தொடலைன்னு இப்பவாச்சும் ஒத்துக்கறயா?"

"ஒத்துக்கறேம்மா."

"உங்கண்ணன் இங்கதான் நிக்கறான். உங்க சித்தியும் இருக்கறா. பக்கத்துப் பெட்டுக்காரங்ககிட்டகூடச் சொல்லிவெச்சிருக்கறீங்க. நானும் ஸ்பீக்கருல போடறேன். எல்லாருக்கும் கேக்கறாப்பல இன்னொருக்காச் சொல்லு."

சௌந்தர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆலை இரைச்சலை மீறி, நெல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"எங்கம்மா திருடித் திங்கலை!"